வலது கன்னம்

ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் தன் முகத்துக்கு வைட்டமின் சி சீரம் வாங்கினான் என்றால், அவனுக்குப் புத்தி கொஞ்சம் இளகியிருக்கிறது என்று பொருள். வாங்கிய புட்டியை வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைத்து, தண்ணீர் போல இருந்தது கடுந்தேநீர் நிறத்துக்கு வந்த பிறகும், இப்போதுதான் சத்து இறங்கியிருக்கிறது என்று முடிவுகட்டி விடாமல் பூசினான் என்றால், அவனைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை கிடையாது. அந்த மனிதன் நான்தான். தலையணை உறையில் என் முகம் பதியும் இடத்தில் மஞ்சளாகக் கறை விழுந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, காமாலை இருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பார்மசி படிக்கிற மகள் புட்டியைத் திறந்து மோந்தாள். "அப்பா, இது செத்து ரொம்ப நாளாச்சு. இதைப் பூசுறதும் டீத்தண்ணியப் பூசுறதும் ஒண்ணுதான்" என்றாள்.

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று, வைட்டமின் சி-யில் எதை எடுக்க வேண்டும், எப்படிக் கலக்க வேண்டும், எப்போது கொட்டிவிட வேண்டும் என்ற முழுப் பாடத்தையும் என் இரண்டு காதாலும் கேட்டவன் நான். பாடம் எனக்கு நடக்கவில்லை. என் பக்கத்தில் ஒருக்களித்து நின்ற டிரைவர் அண்ணனுக்கு நடந்தது. அதுவும் சரியில்லை. டிரைவர் அண்ணனின் தங்கச்சிக்காக நடந்தது. இன்னும் சரியாகச் சொல்வதென்றால், டிரைவர் அண்ணனுக்குத் தங்கச்சியே கிடையாது.

அப்போது நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். நூல் வியாபாரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. காலை எட்டு மணிக்குக் கிளம்பும் மதுரை வண்டி, தனியார் பஸ். அதில் போவேன். அதே வண்டி மத்தியானம் வரை மதுரையில் கிடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும். அதில் வருவேன். டிரைவருக்கு இடது கைப் பக்கம், என்ஜின் பேனட்டை ஒட்டி ஒரு ஒற்றை சீட் உண்டு. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்தால் கால் வெந்துவிடும் என்பதால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். அது என் சீட்.

ஆகவே அவரை நான் பார்த்ததெல்லாம் இடது பக்கமாகத்தான். நல்ல புதுநிறம், கூர்மூக்கு, ஒழுங்காகக் கத்தரித்த மீசையின் இடது பாதி. முதல் மாதம் முழுக்க, இவ்வளவு லட்சணமான மனிதர் இந்த வண்டியில் கிடந்து சாகிறாரே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். ஒருநாள் டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்கார நேர்ந்தபோதுதான் மறுபாதியைப் பார்த்தேன். வலது கன்னம் வேறு யாருடையதோ போல இருந்தது. காதோரத்திலிருந்து மூக்குத்தண்டு வரை கறுத்து, கன்னத்து மேட்டில் மங்கு படர்ந்திருந்தது. மூக்கை எல்லைக்கல்லாக நட்டு இரண்டு பங்காளிகள் முகத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நீயே யோசிச்சுப் பாரு. காலையில வடக்க போறோம். சூரியன் எங்க இருக்கு? கிழக்க. எனக்கு வலது கை. சாயங்காலம் தெக்க வாரோம். சூரியன் எங்க? மேக்க. அப்பமும் எனக்கு வலது கை. இத்தன வருசத்துல சூரியன் என் இடது கன்னத்தப் பாத்ததே இல்லடா தம்பி."

"அப்படீன்னா மதுரையில இருந்து காலையில இங்கிட்டு வார வண்டிய ஓட்டியிருந்தா?"

"வெயில் இடது பக்கம் அடிச்சிருக்கும். அங்க நீ உக்காந்திருப்ப. நீ கறுத்திருப்ப."

அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தத் திரும்பல்தான். யாரிடமும் அவர் நேராக நின்று பேசி நான் பார்த்ததில்லை. டீக்கடையில் வலது கன்னத்துக்குச் சுவர் கிடைக்கும் பெஞ்சுதான் உட்காருவார். அங்கே வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே குடிப்பார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து முதலாளி குரூப் போட்டோ எடுத்தபோது, எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள், அவர் மட்டும் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொம்பளைகளைப் பார்க்கிறார் என்று பின்னால் இருந்த விவசாயச் சம்சாரிகள் முணுமுணுத்தார்கள். பாவம், அவர் பார்த்தது தன் கன்னத்தை.

கண்டக்டர் மம்சாபுரத்துக்காரர். நாக்கில் கத்தரிக்கோல் வைத்திருந்தவர். "அண்ணாச்சி, ஊர்ல அம்புட்டு டிரைவரும் ஜன்னல்ல ஒரு துண்டத் தொங்கவிடுதான். நீங்களும் தொங்கவிட்டா என்ன, குறைஞ்சா போயிருவிய?" என்பார்.

"காத்து வரணும்லா."

"முன்னால இருக்க கண்ணாடியெல்லாம் தொறந்து கெடக்கு. அதுல வாறது காத்தில்லையா?"

அவர் ஹாரனை அழுத்துவார். எனக்குப் பதில் கிடைக்கக் கொஞ்ச நாளானது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புமுன் ஓரிடத்தில் வண்டி கியர் இறங்கும். அங்கே வேகத்தடையும் இல்லை, நிறுத்தமும் இல்லை, மாடும் இல்லை. வலது பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் மட்டும் இருந்தது. அந்நேரம் அதன் ஷட்டரை ஏற்றிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார் ஒரு பெண். முப்பதை ஒட்டிய வயது, கண்ணாடி, இடுப்பில் செருகிய முந்தானை. மருந்துக் கடைக்கான படிப்பை மதுரையில் படித்தவர். லைசென்ஸ் அவர் பேரில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. கல்லாவில் உட்காருவது அவருடைய அண்ணன். ஹாரன் சத்தத்துக்கு அந்தப் பெண் எப்போதாவது நிமிர்ந்து பார்ப்பார். பெரும்பாலும் வாளியைத்தான் பார்ப்பார். அந்த எப்போதாவதுக்காகத்தான் ஜன்னலில் துண்டு ஏறவில்லை.

"அண்ணே, போயிப் பேசிர வேண்டியதுதானே" என்றேன் ஒருநாள்.

"இந்த மூஞ்சியோடயா?" என்றார். கோபமே இல்லை, கணக்குச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார். "செத்த பொறு. ரெண்டு பக்கமும் ஒண்ணாகட்டும். பொறவு போயி, அவிய முன்னால நேரா நின்னு பேசுவேன்."

வீட்டில் அவரும் அம்மாவும்தான். அந்த அம்மா பெண் பார்த்து அலுத்துப்போய் நிறுத்திவிட்டிருந்தார். போகிற இடத்தில் எல்லாம் பையன் வாசற்படியில் பக்கவாட்டில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றால் யார்தான் பெண் கொடுப்பார்கள்?

வைத்தியம் எலுமிச்சம்பழத்தில் தொடங்கியது. யாரோ சீட்டில் விட்டுப்போன வாரப் பத்திரிகையில், எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கருமை அகலும் என்று போட்டிருந்தது. பஸ்காரருக்கு எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் டயருக்கு அடியில் வைக்க, முன்னால் மிளகாயோடு கோத்துக் கட்ட என்று ஒரு பையே வரும். மிச்சமிருந்த ஒன்றை நறுக்கி, கன்னத்தில் அழுத்தித் தேய்த்து, அதோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கிழக்கு வெயிலை வாங்கிக்கொண்டே மதுரை வரை போய்விட்டார். மறுநாள் கன்னம் சிவந்து, நாலாவது கியர் போடும்போதெல்லாம் 'ஸ்ஸ்' என்றார். அதற்கடுத்த நாள் பொத்துவிட்டது.

"வண்டிக்கு வச்சத மூஞ்சில தேச்சா?" என்றார் கண்டக்டர். "வண்டிக்கு வந்த கண்ணூறு அம்புட்டும் எங்க போகும்? அதான் கன்னத்துல ஏறி உக்காந்திருச்சு."

அன்று சாயங்காலம் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும், என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெடிக்கலுக்கு நடந்தார். அத்தனை நாளும் ஜன்னல் வழியாகப் பார்த்த கடைக்கு அவர் காலால் நடந்துபோனது அதுதான் முதல் தடவை. வலது கன்னத்தைத் தெருவுக்குக் கொடுத்து, இடது கன்னத்தை மட்டும் கவுண்டர் பக்கம் வைத்து நின்றார்.

"என்ன வேணும்?"

"புண்ணுக்கு ஒரு மருந்து. தீப்புண்ணு. தீ இல்ல. எலுமிச்சம்பழம்."

"எலுமிச்சம்பழம் சுட்டுருச்சா?" அந்த அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யாருக்கு?"

இந்த இடத்தில் அவர் வலது கையால் தன் கன்னத்தைக் காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். நான்கூட அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கை கன்னம் வரை வந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"தங்கச்சிக்கு" என்றார்.

"எலுமிச்சம்பழத்தத் தேச்சிட்டு வெயில்ல போனாகளாக்கும்? அதத் தேச்சிட்டு வெயில்ல நின்னா இப்பிடித்தான் பொத்துப்போகும். ஆறுன பொறவும் கறுப்புத்தான் விழும். யாரு சொன்னா தேய்க்கச் சொல்லி?"

"மங்கு போகும்னு புத்தகத்துல..."

"புத்தகம் எழுதுனவிய மூஞ்சிலயா தேச்சாக? மொத இந்தக் களிம்பப் போட்டு ஆத்துங்க. ஆறாம வேற எதையும் தொடக்கூடாது. மங்குக்குத்தான்னா பொறவு பாப்போம். வைட்டமின் சி மாத்திரை இருக்கு, அத வச்சு ஒண்ணு செய்யலாம்."

திரும்பி வரும்போது, "பொறவு பாப்போம்னு சொன்னாவியலே, கேட்டியா?" என்று கேட்டார். வண்டி ராஜபாளையம் வந்து சேரும் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

புண் ஆறியது. ஆனால் 'வைட்டமின் சி மாத்திரை' என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே. பொறுமை இல்லாமல் வீட்டுப் பக்கத்துக் கடையில், பிள்ளைகள் சப்பித் தின்னும் ஆரஞ்சு நிற மாத்திரையை வாங்கி, உலக்கையால் நுணுக்கித் தண்ணீரில் குழைத்து, கெட்டியாகப் பூசிக்கொண்டு மறுநாள் வண்டிக்கு வந்தார். கன்னம் விபூதிக்குப் பதிலாக ஜிலேபி பூசிய மாதிரி இருந்தது. வண்டி ஊரைத் தாண்டும் முன்பே ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. ஒரு கை ஸ்டியரிங், ஒரு கை ஈக்கு. செட்டியார்பட்டியிலிருந்து வந்து ஏறியிருந்த ஒரு அம்மா, மடியில் கூடையோடு முன்சீட்டில் உட்கார்ந்தவர், சத்தமாகக் கேட்டார்: "ஏய்யா கண்டக்டரு, டிரைவரு மூஞ்சில ஏன் ஈ மொய்க்கி?"

"அவிய பேச்சு அம்புட்டு இனிப்பு, பெரியம்மா" என்றார் கண்டக்டர்.

மறுபடி மெடிக்கலுக்குப் போனோம். "தங்கச்சி தலையாணியில எறும்பு ஏறுதாம்" என்றார் டிரைவர் அண்ணன், தெருவைப் பார்த்தபடியே. என்ன பூசினார்கள் என்று அக்கா விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். கையிலிருந்த சீட்டு கீழே விழுகிற அளவுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு, கல்லாவிலிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி சிரித்தார். டிரைவர் அண்ணனின் இடது காது சிவந்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் பத்து ஈயைத் தாங்கியிருப்பார்.

அதன் பிறகுதான் பாடம். "அது வாயில போட்டுச் சப்புறதுக்கு. சீனியும் கலருந்தான் அதுல பாதி. மூஞ்சிக்கு எடுத்தா இந்த வெள்ள மாத்திரைதான் எடுக்கணும். இதுல இனிப்பு இருக்காது, நாக்குல வச்சா சுள்ளுன்னு புளிக்கும். ஒரு சின்னத் துண்டு போதும். கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில கரைச்சு, மொதல்ல முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு, ஒரு நாள் விட்டுப் பாக்கச் சொல்லுங்க. எரிஞ்சாலோ தடிச்சாலோ வேண்டவே வேண்டாம். நெறையப் போட்டா சீக்கிரம் வெளுக்கும்னு கூட்டக்கூடாது, தோலு உரிஞ்சிரும்."

"கலக்கி ஒரு புட்டியில வச்சுக்கிட்டா?"

"அதுதான் கூடாது. எப்பம் கலக்குதாகளோ அப்பமே பூசிரணும். மிச்சத்தக் கீழ ஊத்திரணும். காத்தும் வெளிச்சமும் பட்டா மஞ்சளாயிரும், பொறவு பழுப்பாயிரும். பழுத்துட்டா அதுல ஒண்ணும் இல்ல. எடுத்து வச்சிருக்கோம்னு நம்ம மனசுக்குத்தான் ஒரு திருப்தி."

"எம்புட்டு நாளாகும்?"

"மாசக்கணக்குல ஆகும். அதுவும் வெயில் படாம இருந்தாத்தான். பட்டா பூசுறதும் வீண். வீட்டுக்குள்ளதானே இருக்காக? ஜன்னல் ஓரமா உக்கார வேண்டாம்னு சொல்லுங்க."

டிரைவர் அண்ணன் மாத்திரைப் பட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "எந்நேரமும் ஜன்னல் ஓரந்தான்" என்றார்.

"ஏன், யாரையும் எதிர்பாத்து உக்காந்திருக்காகளா?"

"அப்படித்தான் போலருக்கு" என்றார்.

அன்று முதல் அவர் வாழ்க்கையில் அந்த ஒரு காரியம் மட்டும் துல்லியமாக நடந்தது. வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும், புதிதாக ஒரு துண்டு, புதிதாகக் கரைசல், மிச்சம் முருங்கை மரத்தடிக்கு. எதிலும் நாளைக்கு என்று சொல்கிற மனிதர், இதில் மட்டும் நாளைக்கு என்று எதையும் வைக்கவில்லை. காலையில் ரயில்வே கேட் அடைத்திருந்தால், முழுதாக என் பக்கம் திரும்பி வலது கன்னத்தைக் காட்டுவார். உலகத்தில் அந்தக் கன்னத்தை நேராகப் பார்க்கும் உரிமை எனக்கும் கண்டக்டருக்கும் மட்டும்தான் இருந்தது.

"எம்புட்டு?"

"அரைக்கால் குறைஞ்சிருக்குண்ணே" என்பேன். நூல் கம்பெனிக் குமாஸ்தா, எதற்கும் ஒரு பின்னம் சொல்லிவிடுவேன்.

"ஏலே, கால்னு சொல்லுலே. மனசு சந்தோசப்படட்டும்" என்பார் பின்னாலிருந்து கண்டக்டர்.

உண்மையில் ராத்திரி வெளுத்ததைப் பகல் கறுத்துக்கொண்டிருந்தது. துண்டைத் தொங்கவிட்டால் பாதிக் காரியம் முடியும் என்று அவருக்கே தெரியும். தொங்கவிட்டால் அந்த வாளியும் தண்ணீரும் தெரியாது. கன்னம் வெளுப்பது அந்த அக்காவைப் பார்க்கத்தான். அக்காவைப் பார்ப்பதால்தான் கன்னம் வெளுக்கவில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. எனக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. எனக்கும் இல்லை.

இதற்கிடையில் தங்கச்சி வளர்ந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அக்கா அவளைப் பற்றி ஒன்று கேட்பார். இவர் ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தாவது வரை படித்தாள், கூச்ச சுபாவம், பூக்கட்டுவாள், புளியோதரை என்றால் உயிர். ஒரு வாரம் கடைக்குப் போக முடியாததற்குத் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அக்கா உடனே மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

"இல்லாத தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தா, மாத்திரைய யாரு முழுங்குறது அண்ணாச்சி?" என்று கேட்டார் கண்டக்டர்.

"சும்மா இருடா. அதக் கேக்கும்போது அவிய மொகத்தப் பாக்கணும் நீ. கூடப் பிறந்த பிறப்பு மாதிரி கேக்காவ."

எனக்கே சில நாள் அந்தப் பெண் ராஜபாளையத்தில் ஏதோ ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஒரு சாயங்காலம், மாத்திரைப் பட்டையோடு சேர்த்து அக்கா ஒரு சின்ன ட்யூபையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "சாம்பிள் வந்துச்சு. இது தங்கச்சிக்கில்ல, உங்களுக்கு" என்றார். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். வண்டியில் வைத்துப் பார்த்தோம். தசைவலிக்குத் தேய்க்கும் களிம்பு.

"நாள் பூரா ஸ்டியரிங்கப் பிடிக்கிறோம்லா," என்றார் டிரைவர் அண்ணன். "கை வலிக்கும்னு நெனைச்சிருக்காவ. இந்த உலகத்துல அத யாரு நெனைப்பா?"

அந்த ட்யூபை அவர் திறக்கவே இல்லை. காக்கிச் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை லேசில் விடவில்லை. மேற்கே மலை இருந்த இடமே தெரியாமல் போனது. மழை பெய்ததில் சம்சாரிகளுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட்டவர் எங்கள் டிரைவர். பகலெல்லாம் மூட்டம், ராத்திரி மாத்திரைத் தண்ணீர். கன்னம் மெய்யாகவே தெளிந்துகொண்டு வந்தது. கேட்டில் நின்றபோது, "முக்கால்ணே" என்றேன். அந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை பேசுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வரும்போதே காக்கிக்கு மேல் புதுச்சட்டை போட்டிருந்தார். ஷேவிங் பளபளத்தது. கண்டக்டர் பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார். கடை வரை போனோம். கவுண்டருக்கு முன்னால் நின்று, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அவர் மெல்ல நேராகத் திரும்பத் தொடங்கினார். தோள் திரும்பிவிட்டது. மூக்கு திரும்புகிற நேரம், கல்லாவிலிருந்து அக்காவின் அண்ணன் எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்து யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

"வாங்க. தங்கச்சிக்கு இடம் பாக்கிறீங்களா?"

மூக்கு பழைய இடத்துக்கே போய்விட்டது. "பாத்துக்கிட்டிருக்கோம்ணே" என்றார் டிரைவர் அண்ணன்.

"உங்களுக்கும் ஒண்ணு பாத்துர வேண்டியதுதானே?"

இதைவிடச் சரியான கேள்வியை ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் டிரைவர் அண்ணனுக்கு ஒரே யோசனைதான் இருந்தது. நல்லவன் என்று பேர் வாங்க வேண்டும். அந்த அண்ணனிடம், அந்த அக்கா காதுபடவே.

"அதெப்படிண்ணே? தகப்பன் இல்லாத பிள்ளை. அது கழுத்துல ஒண்ணு ஏறாம நான் எனக்குன்னு எதையும் நெனைக்க முடியுமா? எத்தன வருசமானாலும் சரி, மொதல்ல அது."

அண்ணன் தலையாட்டினார். "நல்ல மனசு" என்றார். பின்னால் அலமாரியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு அடுக்கியது.

வண்டியில் ஏறியதும் டிரைவர் அண்ணன் பேனட்டைத் தட்டினார். "கேட்டியாலே? நல்ல மனசுன்னுட்டாரு. அவிய அண்ணன் வாயாலயே வந்துருச்சு. இனிக் கேக்குறது லேசு. அடுத்த வாரம் பேசிர வேண்டியதுதான்."

அடுத்த வாரம் வெயில் அடித்தது. கன்னம் கொஞ்சம் பின்வாங்கியது. சரி, இன்னும் கொஞ்ச நாள் என்றார்.

தை மாதம் ஒருநாள் காலை வண்டி அந்த இடத்தில் வழக்கம்போல கியர் இறங்கியது. ஷட்டர் மூடியிருந்தது. கடையை ஒட்டிய வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம். பக்கத்து வேப்பமரத்தின் மேல் கட்டிய குழாய் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ பக்கத்து ஆளிடம் சொன்னார்: "மெடிக்கல்காரர் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூராம்."

கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கொஞ்ச தூரம் அதே மெல்லிய வேகத்தில் போனது. பிறகு கியர் ஏறியது. பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதனால் அன்று முழுதும் நான் பார்த்தது இடது கன்னத்தை மட்டும்தான். அது எப்போதும் போல லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலை டிரைவர் ஜன்னலில் சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று தொங்கியது. கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட் கட்டைப் புரட்டினார்.

அதற்குப் பிறகு மாத்திரை வாங்கவில்லை, கரைக்கவில்லை, முருங்கை மரத்துக்கு மிச்சமும் போகவில்லை. துண்டு மட்டும் தொங்கியது. அடுத்த மழைக்காலத்துக்குள் வலது கன்னம் தானாகத் தெளிந்து இடது கன்னத்தோடு சேர்ந்துகொண்டது. ஒருநாள் கேட் அடைத்திருந்தபோது, "ஒண்ணாயிருச்சுண்ணே" என்றேன்.

கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணாகி?" என்றார். "எங்கிட்டுப் பாத்தாலும் நான்தான் இருக்கேன்."

ஆனால் அந்த இடம் வந்தால் வண்டி கியர் இறங்குவது நிற்கவில்லை. துண்டுக்குப் பின்னால் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கும் தைரியமும் வரவில்லை. எனக்கு வேலை மாறியது, ஆலங்குளம் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அந்த ரூட்டில் வேறு வண்டி ஓடியது. அவர் வடக்கே லாரிக்குப் போய்விட்டதாகக் கண்டக்டர் சொன்னார். எந்த வடக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. இப்போதும் சில காலைகளில், பஸ்ஸில் முன்சீட் கிடைத்தால், டிரைவரின் இடது கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சங்கடப்பட்டு என்ன என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். கேட் வந்தால் யாரும் திரும்பி எம்புட்டு என்று கேட்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்குக் காய்ச்சல் மருந்து வாங்க அந்த மெடிக்கலில் ஏறினேன். கவுண்டரில் அந்த அக்கா நின்றிருந்தார். பள்ளி லீவுக்குப் பிள்ளைகளோடு வந்திருக்கிறாராம், அண்ணன் எங்கோ போயிருந்ததால் கடையில் நிற்கிறாராம். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க அந்த மதுரை வண்டி டிரைவர் கூட வருவீங்கள்ல?"

"ஆமாக்கா."

"அவுக தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா?"

எனக்கு ஒரு விநாடி எந்தத் தங்கச்சி என்றே புரியவில்லை. புரிந்ததும், "ஆச்சுக்கா" என்றேன்.

"மங்கு?"

"போயிருச்சு. வெயில் படாம இருந்ததுல."

"நான்தான் சொன்னேன்ல" என்றார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். மருந்துப் புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க அண்ணன் அப்பம் எனக்கு அவரத்தான் நெனைச்சிருந்தாரு. வாய்விட்டே கேட்டாரு. தங்கச்சிக்கு முடியாம எதையும் நெனைக்க மாட்டேன்னுட்டாரு. மங்கு விழுந்த பிள்ளைக்கு எப்பம் மாப்பிள்ளை அமைய, பொறவு இவரு எப்பம் பண்ண? எனக்கும் வயசு போயிக்கிட்டிருந்துச்சு." புட்டியைக் கவுண்டரில் வைத்தார். "கூடப் பிறந்தவ மேல அம்புட்டு உசிரு வச்சிருந்தாரே, அதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது."

அப்படி ஒரு தங்கச்சி இல்லை என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அந்த அக்காவிடம் மிஞ்சியிருந்த ஒரு நல்ல மனிதரையும் பிடுங்கிக்கொண்டு போனது போலாகும். அதை விழுங்கிவிட்டு, மருந்தை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "கேக்க மறந்துட்டேன். அவருக்குக் கழுத்து இப்பம் நேராயிருச்சா?"

"கழுத்தா?"

"எப்பமும் ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டு நிப்பாருல்லா. பாவம், நேரா திரும்பக்கூட முடியாது. தேய்க்கச் சொல்லி நான்கூட ஒரு ட்யூப் குடுத்தேன். தேச்சாரோ என்னமோ."